புதுப்பிப்பு: சிமுலிங்க் மாடலைப் பிரித்த கதை

சிமுலிங்கில் (கட்டங்களை இணைத்து ஒரு இயந்திரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) செய்த மின்சார ஸ்கூட்டர் மாடல் முழுவதும் ஒரே கோப்பில் கிடக்கிறது, எப்படிப் பிரிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். சப்சிஸ்டம் (அதே கோப்புக்குள் கட்டங்களைத் தொகுப்பது) மட்டும் போதாது, மாடல் ரெஃபரன்ஸ் (ஒரு பகுதியைத் தனிக் கோப்பாக்கி முதன்மை மாடலில் இணைப்பது) போடுங்கள் என்றீர்கள். போட்டேன், நன்றி!

பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர், வண்டி என்று நான்கு தனிக் கோப்புகள். ஆக்ஸிலரேட்டர் முறையில் (மாடலை முன்கூட்டியே கம்பைல் செய்து வேகமாக ஓட்டும் முறை) இப்போது மாற்றிய பகுதி மட்டும்தான் மறுபடி பில்ட் ஆகிறது. இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்யவும் முடிகிறது.

ஆனால் பிரித்த பிறகுதான் ஒரு அல்ஜீப்ரயிக் லூப் (இரண்டு மதிப்புகள் ஒரே நொடியில் ஒன்றையொன்று நம்பி நிற்கும் வட்டம்) கண்ணில் பட்டது. பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் வேண்டும். மோட்டாருக்கோ அதே நொடியில் மின்னழுத்தம் வேண்டும். யூனிட் டிலே (சிக்னலைத் தாமதித்துத் தரும் கட்டம்) போட்டால் லூப் பற்றிய எச்சரிக்கை போய்விடும், ஆனால் ஒரு சாம்பிள், அதாவது ஒரு கணக்கீட்டுப் படி, தாமதம் புகுந்துவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம்தான் நிஜ வண்டியில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு டிசி லிங்க் கெபாசிட்டர் (ஆற்றலைச் சேமிக்கும் மின்தேக்கி) இருப்பது உறைத்தது! அதை மாடலில் சேர்த்தேன். கெபாசிட்டரின் மின்னழுத்தம் சேமித்து வைத்த நிலை, அந்த நொடியின் மின்னோட்டத்தை நம்பி இல்லை. லூப் உடைந்தது.

ஆக, ஆற்றல் சேமிக்கும் இடத்தில் வெட்டுங்கள். கோப்புகளுக்கு இடையே போகும் சிக்னல்களை பஸ் ஆப்ஜெக்டாக (எந்தெந்தச் சிக்னல்கள், என்ன வகை என்று வரையறுக்கும் தொகுப்பு) முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்; நான் அதைத் தள்ளிப்போட்டு இரண்டு நாள் இழந்தேன்.