டிரைவர் டோர் திறந்தா மட்டும் உள் லைட் எரியல, பஸ்ஸரும் கத்தல, உதவி தேவை

கடற்கரைரோடு:
வணக்கம் மக்களே, வண்டி 2009 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், வீடு தூத்துக்குடி, பார்க்கிங் வெட்டவெளிதான். டிரைவர் டோரத் திறந்தா மட்டும் ரூஃப் லைட் எரிய மாட்டேங்குது, மத்த மூணு டோரும் பக்காவா வேலை செய்யுது. லைட்டு போனா போகுதுன்னு விட்டுடலாம், ஆனா ஹெட்லைட்ட அணைக்காம இறங்கினா கீ கீன்னு கத்துமே அந்த பஸ்ஸரும் கூடவே செத்துப்போச்சு. போன வாரம் அப்பா ராத்திரி கடைக்குப் போயிட்டு வந்து ஹெட்லைட்ட அப்படியே விட்டுட்டாரு, காலையில பேட்டரி டெட், பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில ஜம்பர் போட்டுதான் ஸ்டார்ட் பண்ணோம். டோர் வந்து மூடுற பில்லர்ல (பாடித் தூண்) ரப்பர் உறை போட்ட பட்டன் ஒண்ணு இருக்குல்ல, அத அமுக்கி அமுக்கி விட்டா எப்பவாச்சும் ஒரு மினுக்கு மினுக்குது. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினா மொத்த வயரிங்கையும் மாத்தணும்ங்கிறாங்க. அவ்ளோ பெரிய வேலையா இது?

பஞ்சர்கடை:
முதல்ல பல்ப மாத்திப் பாருங்க ப்ரோ

ஸ்பானர்செட்:
பல்ப எதுக்கு மாத்தணும், மூணு டோருக்கு எரியுதுன்னு சொல்றாரே, அப்ப பல்பு, ஃபியூஸ் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வயரிங் மாத்துற பேச்சையும் விடுங்க.

அந்த பட்டன் ஸ்விட்ச் கதை ரொம்ப சின்னது. 12 வோல்ட் ஃபியூஸ்ல இருந்து நேரா ரூஃப் லைட்டுக்குப் போயிடும், பல்பத் தாண்டி வர்ற ஒயர்தான் டோர் ஸ்விட்ச்சுக்கு இறங்குது. டோர் மூடியிருந்தா பட்டன் அமுங்கி கான்டாக்ட் விலகி நிக்கும், திறந்தா ஸ்பிரிங் பட்டன வெளிய தள்ளி கான்டாக்ட் சேந்து ஒயர் பாடிக்கு எர்த் ஆகும், அதாவது பாடி வழியா பேட்டரி மைனஸோட சேரும், லைட் எரியும். இந்த மாதிரி ஸ்விட்ச்சுல பெரும்பாலும் எர்த்துக்குன்னு தனி ஒயர் கிடையாது, ஸ்விட்ச்சப் பில்லரோட பிடிச்சிருக்குற ஒத்த ஸ்க்ரூதான் எர்த்து. உங்க ஊர் உப்புக்காத்துல அந்த ஸ்க்ரூ என்ன கதியில இருக்கும்னு பாத்துக்கோங்க.

ஸ்க்ரூவக் கழட்டி ஸ்விட்ச்ச மெதுவா வெளிய இழுத்து பின்னாடி எத்தன ஒயர் இருக்குன்னு சொல்லுங்க. கனெக்டரக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒயர்ல ஒரு நூல் கட்டிடுங்க, இல்லன்னா டேப் போட்டு பில்லர்ல ஒட்டுங்க. விட்டீங்கன்னா ஒயர் சர்ருன்னு பில்லருக்குள்ள போயிடும், அப்புறம் ட்ரிம்மக் (உள்பக்க பிளாஸ்டிக் மூடி) கழட்டித்தான் மீன்பிடிக்கணும்.

கடற்கரைரோடு:
அண்ணே பாத்தேன், டிரைவர் சைடுல ரெண்டு ஒயர் இருக்கு, பின்சீட் சைடு ஒண்ணக் கழட்டிப் பாத்தா அதுல ஒரே ஒயர்தான். ஸ்க்ரூ சும்மா செங்கல் கலர்ல இருக்கு, தொட்டா துரு கையில ஒட்டுது.

ஸ்பானர்செட்:
அப்ப பாதி வேலை முடிஞ்சுது. டிரைவர் டோர்ல ஒரு ஒயர் லைட்டுக்கு, இன்னொண்ணு பஸ்ஸருக்கு, அதனாலதான் பின் டோரத் திறந்தா லைட் மட்டும் வரும், பஸ்ஸர் வராது. உள்ள கான்டாக்டும் ரெண்டு தனித்தனி. ரெண்டும் ஒரே நேரத்துல சாகுறது அபூர்வம், அப்ப ரெண்டுக்கும் பொதுவா இருக்குறதத்தான் சந்தேகப்படணும், ஒண்ணு எர்த், இல்லன்னா பட்டனே வெளிய முழுசா வராம சிக்குது.

இப்படிச் செக் பண்ணுங்க. கனெக்டர் மாட்டினபடி ஸ்விட்ச்சக் கையில தொங்க விட்டு, ஸ்விட்ச்சோட இரும்புத் தகட்டுல இருந்து ஒரு துண்டு ஒயர டோர் லாக் மாட்டுற அந்த யூ மாதிரி கொக்கி இருக்குல்ல, அதோட போல்ட்ல தொடுங்க, பட்டன் வெளிய நீண்டிருக்கணும், ரூஃப் லைட் ஸ்விட்ச்சும் டோர் பொசிஷன்ல இருக்கணும். எரிஞ்சா ஸ்விட்ச் நல்லது, எர்த்துதான் கோளாறு. எரியலன்னா கான்டாக்ட் போச்சு. மல்டிமீட்டர் இருந்தா கனெக்டரக் கழட்டிட்டு பின்னுக்கும் தகட்டுக்கும் பீப் வருதான்னு பாருங்க, அமுக்கினா பீப் நிக்கணும்.

நைட்ஷிஃப்ட்:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எனக்கு நேர் எதிர் பிரச்சனை, டோர மூடினாலும் லைட் அணையல, மீட்டர்ல டோர் திறந்திருக்குன்னு காட்டுது. என் வண்டி புதுசு, பில்லர்ல பட்டனே இல்ல, எங்க தேடுறது?

ஸ்பானர்செட்:
உங்களுக்கு ஸ்விட்ச் டோர் லாக்குக்குள்ளயே இருக்கும், சின்ன மைக்ரோ ஸ்விட்ச். டோரத் திறந்து வச்சுட்டு ஸ்க்ரூடிரைவரால லாக் நாக்க மூடுற மாதிரி ரெண்டு க்ளிக் திருப்பிப் பாருங்க, லைட் அணைஞ்சா லாக் நல்லது, டோர் அலைன்மென்ட்தான் பாக்கணும். முக்கியமா ஹேண்டில இழுத்து நாக்க விடுவிச்சுட்டு அப்புறமா டோர மூடுங்க, மறந்துட்டு அடிச்சு மூடினா லாக்கும் போகும் பெயின்ட்டும் போகும். அணையலன்னா லாக்குக்குள்ள கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு பல தடவ திறந்து மூடி விடுங்க, அதுக்கும் மசியலன்னா டோருக்கும் பில்லருக்கும் நடுவுல ரப்பர் குழாய்ல போற ஒயர் மடிஞ்சு மடிஞ்சு அறுந்திருக்கான்னு பாக்கணும். அதுவரைக்கும் ராத்திரி லைட்ட ஆஃப்ல போட்டுட்டுப் போங்க, 10 வாட் பல்பு ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 0.8 ஆம்பியர் அவர் தின்னும், 35 ஆம்பியர் அவர் பேட்டரி ரெண்டு ராத்திரி தாங்குனாலே பெருசு.

கடற்கரைரோடு:
அண்ணே எரிஞ்சுது!! ஒயரத் தொட்ட உடனே பளிச்னு எரிஞ்சுது, ஹெட்லைட்டப் போட்டா பஸ்ஸரும் கத்துது. ஸ்க்ரூ ஓட்டையச் சுத்தி உப்புத்தாள் போட்டு வெள்ளையா மின்னுற வரைக்கும் தேச்சுட்டு, புது ஸ்க்ரூ போட்டு டைட் பண்ணிட்டேன், இப்ப நாலு டோரும் ஓகே. ஒரே சந்தேகம், ரப்பர் உறை கிழிஞ்சிருக்கு, அப்படியே விடலாமா?

ஸ்பானர்செட்:
விடாதீங்க, மழைத்தண்ணி உள்ள போனா கான்டாக்ட் பச்சை பூத்துடும். ரப்பர் தனியா கிடைச்சா போடுங்க, கிடைக்கலன்னா ஸ்விட்ச்சோட வாங்கிடுங்க, பெரிய விலை இல்ல. வாங்கும்போது பழசக் கையில கொண்டு போங்க, ஒரு ஒயர் ஸ்விட்ச்சக் கொடுத்து அனுப்பிட்டா லைட் எரியும், பஸ்ஸர் வராது. தேச்ச இடத்துல ஸ்க்ரூ மேல கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க.

பஞ்சர்கடை:
என் வண்டியிலயும் பஸ்ஸர் வரல, ஆனா லைட் வருது, நாலு டோர்லயும்

ஸ்பானர்செட்:
அப்ப உங்களுக்கு எர்த் இல்ல பிரச்சனை, டிரைவர் ஸ்விட்ச்சுல ரெண்டாவது ஒயரப் பாருங்க. அதுவும் நல்லா இருந்தா பஸ்ஸரையே யாரோ கழட்டி வச்சிருப்பாங்க, செகண்ட் ஹேண்ட் வண்டியா?