தடைகளுள்ள கட்டங்களும் தம்பியின் ரோபோவும்: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

தம்பி: அக்கா, ரோபோ பயிற்சிக்கு நாலுக்கு நாலு கட்டம் தந்திருக்கிறார்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டிலும் தடை. மிகுதி 14 கட்டங்களையும், போன கட்டத்தை மறுபடி மிதிக்காமல் முடிக்க எவ்வளவு முயன்றும் வரவில்லை.

அக்கா (வந்தாறுமூலை): வராது, தம்பி. சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பு, வெள்ளை தீட்டிப் பார். எதிர் மூலைகள் ஒரே நிறமாகையால், அவை போக ஒரு நிறத்தில் 6, மற்றதில் 8 மிஞ்சும். ஒவ்வோர் அடியிலும் நிறம் மாறுவதால், மீண்டும் மிதிக்காத பயணத்தில் இரு நிறங்களின் எண்ணிக்கையும் ஒன்றுக்கு மேல் வேறுபட முடியாது.

வெல்லாவெளி மாமா: பிள்ளை, வயலில் உழவு மெஷின் போவது போல வரிசை வரிசையாகப் போய்த் திரும்பினால் என்ன?

அக்கா: நல்ல வழிதான், மாமா. 1997இல் சோசெட், பிஞோன் என்ற ரோபோ ஆய்வாளர் இருவரும் வெளியிட்ட முறை, திறந்த இடத்தைத் தடைகளை ஒட்டித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் நீங்கள் சொன்னபடியே முடிக்கிறது. ஆனால் அதற்குத் தடைகளின் இடம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

தம்பி: போட்டியன்று தடைகளை இடம் மாற்றுவார்களாம், அக்கா.

அக்கா: அப்படியென்றால் ஆழம் முதல் தேடல்தான் உனக்குப் பொருந்தும். நிற்கும் கட்டத்தைக் குறித்துக்கொண்டு, நாலு திசையையும் ஒரே ஒழுங்கில் பார். போகாத கட்டம் திறந்திருந்தால் போ, இல்லாவிட்டால் வந்த வழியே ஓரடி பின்வாங்கி மறுபடி பார். 14 கட்டங்களை இணைக்கும் 13 இணைப்புகளையும் போக ஒரு தரம், வர ஒரு தரம் கடப்பதால், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர 26 அடி.

தம்பி: குறுகிய வழிக்கு, அருகிலுள்ள கட்டங்களை எல்லாம் முதலில் பார்த்துவிட்டு அடுத்த தொலைவுக்குப் போகும் அகலம் முதல் தேடல் என்றல்லவா படித்தோம்?

அக்கா: ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் குறைந்த அடிகளில் போக அதுவே சரி. ஆனால் அதன் வரிசையில் அடுத்து நிற்கும் கட்டம் பலகையின் மறுபுறத்தில் இருக்கலாம். கணினியின் நினைவகத்தில் அங்கே தாவுவதற்குச் செலவில்லை. உன் ரோபோவோ அவ்வளவு தூரமும் சக்கரத்தில் உருண்டாக வேண்டும்.

மாமா: எந்தப் பலகையிலும் ஒரு தரம் மட்டும் மிதித்து முடியுமா என்று கண்டுபிடிக்க வழி இல்லையா?

அக்கா: எல்லாப் பலகைக்கும் பொருந்தும் வேகமான வழி எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை, மாமா. அது மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 1982இலேயே நிறுவிவிட்டார்கள். தம்பி, நீ கவனிக்க வேண்டியது பின்வாங்கும் இடம்: இரு தரம் வலப்பக்கம் திரும்பி, ஓரடி வந்து, மறுபடி இரு தரம் திரும்பி, முன்பு பார்த்த திசையையே பார்த்து நிற்க வேண்டும். அந்தக் கடைசித் திருப்பத்தை விட்டால், அதன் பிறகு குறிக்கும் கட்டங்கள் எல்லாம் பிழைத்துவிடும்.