டிஸ்கார்டில் எழுதும் செய்தி விளையாட்டுக்குள் வெறுமையாக வருகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சிறிய மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஒன்றை நடத்துகிறோம். அதன் அரட்டையை டிஸ்கார்டு சேனலுடன் இணைக்க, எங்கள் குழுவில் ஒருவர் பைத்தானில் ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) எழுதிக் கொடுத்தார். விளையாட்டுக்குள் எழுதுவது டிஸ்கார்டுக்கு ஒழுங்காகப் போகிறது. எதிர்த்திசையில்தான் சிக்கல்: எழுதியவரின் பெயர் மட்டும் வருகிறது, செய்தி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. சர்வர் லாகில் பிழை எதுவும் இல்லை.

எங்களுக்கு இது அவசரம். மாடரேட்டர்கள் பெரும்பாலும் கைபேசியில், டிஸ்கார்டில்தான் இருப்பார்கள். தன் வீட்டை யாரோ இடிக்கிறார்கள் என்று ஒருவர் உள்ளிருந்து முறையிட்டால் அது அவர்களுக்குத் தெரிகிறது. "இதோ வருகிறேன்" என்று அவர்கள் சொல்வது உள்ளே எட்டுவதில்லை. கேட்பார் இல்லை என்று நினைத்துப் புதியவர்கள் போய்விடுகிறார்கள்.

பதில் 1:
லாகைத் தோண்டும் முன் ஒரு சோதனை. சேனலில் பாட்-ஐ டேக் செய்து ஏதாவது எழுதுங்கள். அது மட்டும் முழுதாக வருகிறதா?

கேட்டவர்:
ஆமாம், அப்படியே வருகிறது! டேக் இல்லாவிட்டால் மறுபடியும் காலி.

பதில் 1:
அப்படியானால் பாட்-க்கு 'மெசேஜ் கன்டென்ட் இன்டென்ட்' அனுமதி இல்லை. இன்டென்ட் என்பது எந்தத் தகவல்கள் வேண்டும் என்று பாட் டிஸ்கார்டிடம் கேட்பது. 2022 முதல், பிறர் எழுதுவதைப் படிக்க பாட் இந்த அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும். இல்லையென்றால் செய்தி வந்த தகவல் கிடைக்கும், வாசகம் கிடைக்காது. பாட்-ஐ டேக் செய்த செய்திகளுக்கும் அதற்குத் தனிப்பட அனுப்பியவற்றுக்கும் மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் அந்தச் சோதனையைச் செய்யச் சொன்னேன்.

இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும், வரிசை முக்கியம். முதலில் டிஸ்கார்டின் டெவலப்பர் போர்ட்டல் தளத்தில், உங்கள் செயலியின் (பாட் பதிவு செய்யப்பட்டிருக்கும் கணக்குப் பதிவு) 'பாட்' பக்கத்தில் அதை இயக்குங்கள். பிறகு நிரலிலும் அதைக் கேளுங்கள். இயல்பான இன்டென்ட் தொகுப்பில் இது சேராது. போர்ட்டலை விட்டுவிட்டு நிரலை மட்டும் மாற்றினால், 4014 என்ற எண்ணுடன் பாட்-இன் இணைப்பே துண்டிக்கப்படும்.

பதில் 2:
மேலே சொன்னதுதான் தீர்வு. வாசகம் வரத் தொடங்கியதும் வேறு சிக்கல் தலைதூக்கலாம். செய்திகளை 'டெல்ரா' (tellraw, அரட்டையில் செய்தி காட்டும் மைன்கிராஃப்ட் கட்டளை) வழியாகத்தான் உள்ளே அனுப்புகிறீர்கள் என்றால், யாராவது மேற்கோள்குறி போட்டு எழுதினாலே கட்டளை உடைந்துவிடும். உரையை ஜேசன் (JSON, அந்தக் கட்டளை எதிர்பார்க்கும் தரவு வடிவம்) முறைப்படி மாற்றிய பிறகே சேருங்கள். அதேபோல் விளையாட்டுக்குள்ளிருந்து ஒருவர் 'எவ்ரிஒன்' (@everyone, அனைவரையும் அழைக்கும்) டேக் எழுதி மொத்தக் குழுவையும் எழுப்பாதபடி, பாட் அனுப்பும் செய்திகளில் டேக்குகளைத் தடை செய்யுங்கள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஆர்கான் (RCON, வெளியிலிருந்து சர்வருக்குக் கட்டளை அனுப்பும் வசதி) பயன்படுத்தினால், அதன் இயல்பான 25575 போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்காதீர்கள். கடவுச்சொல் குறியாக்கம் இல்லாமல்தான் போகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. செயலி, பாட்-ஐ எழுதிய நண்பரின் கணக்கில் இருக்கிறது. அவர் போர்ட்டலில் இயக்கிக் கொடுத்தார், நான் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். செய்தி முழுதாக வருகிறது! மேற்கோள்குறியை இன்றே சரிசெய்கிறேன்.

பதில் 1:
மகிழ்ச்சி. கையோடு அவரிடம் போர்ட்டலில் ஒரு 'டீம்' உருவாக்கி, செயலியை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். அவர் பரீட்சை, வேலை என்று ஒதுங்கினாலும் உங்களில் இன்னொருவர் டோக்கனை (பாட் டிஸ்கார்டில் நுழையும் ரகசியச் சாவி) மாற்ற முடியும்.