ஆள்நடமாட்டம் குறைந்த நெடுஞ்சாலைகளில் வேக வரம்பை உயர்த்தலாமா?

நெடுவழி:
ஊருக்கும் ஊருக்கும் இடையே வெறும் நிலமே நீண்டு கிடக்கும் பகுதிகளில் மணிக்கு 100 கி.மீ. என்ற வரம்பை 120 ஆக உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 500 கி.மீ. பயணத்தில் 50 நிமிடங்கள் மிச்சமாகும். தொலைதூரம் ஓட்டுபவருக்கு அது களைப்பைக் குறைக்கும் ஓய்வு நேரமும் ஆகும். நூற்றுக்கு 85 ஓட்டுநர்கள் தாமாகவே மீறாத வேகத்தை அளந்து, அதையொட்டி வரம்பை அமைப்பது பொறியாளர்களின் பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் 130 கி.மீ. வரை அனுமதி உண்டு.

நிதானன்:
நீங்கள் காட்டும் சான்று உங்களுக்கு எதிராகவே நிற்கிறது. வட பிரதேசத்தின் நெடுஞ்சாலைகளில் 2006 முடியும் வரை பொது வரம்பே இருக்கவில்லை. 2007 ஜனவரியில் வந்த 130 என்பது கட்டுப்பாடே தவிரத் தளர்வு அன்று. வேகம் 100இலிருந்து 120 ஆகும்போது மோதலின் ஆற்றல் 44 விழுக்காடு கூடுகிறது. இருளில் சாலையின் குறுக்கே ஒரு விலங்கு நிற்பதை இரண்டு ஓட்டுநர்கள் ஒரே இடத்தில் கண்டு பிரேக்கை மிதித்தால், 100இல் வந்தவரின் கார் நின்றுவிடும் புள்ளியை 120இல் வந்தவர் இன்னமும் 70 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் கடந்துகொண்டிருப்பார். அதற்குமேல், அடிபட்டவரை யாரேனும் கண்டு தகவல் சொல்லி, ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரம் இத்தகைய இடங்களில்தான் மிக நீளமானது. ஆளில்லாமை என்று நீங்கள் சாதகமாகச் சொல்வது, காயமுற்றவருக்கு உதவியில்லாமை.

நெடுவழி:
உதவி தாமதமாகிறது என்றால் மருத்துவ வசதியைப் பெருக்கக் கேட்போம். எல்லாச் சாலைகளையும் நான் சொல்லவில்லை. டெக்சாசில் 2012இல் 85 மைல், அதாவது சுமார் 137 கி.மீ. வரம்புடன் திறக்கப்பட்ட சுங்கச் சாலைப் பகுதி, எதிரெதிர்த் திசைகள் பிரிக்கப்பட்டது. சுவீடனும் நடுவே கம்பிவடத் தடுப்புள்ள சாலைகளுக்குக் கூடுதல் வேகம் தருகிறது.

நிதானன்:
தடுப்புள்ள சாலைகளைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பில்லை. நேருக்கு நேர் மோதல்தான் கிராமப்புறச் சாலைகளில் உயிரைப் பறிக்கும் கொடிய வகைகளுள் ஒன்று, தடுப்பு அதைத் தடுக்கிறது. ஆனால் அப்போது அளவுகோல் சாலையின் அமைப்பாகிறது, மக்கள் அடர்த்தி அன்று. வாகனங்கள் குறைந்த இடத்தில் நடுத்தடுப்புக்குச் செலவிட எந்த அரசும் எளிதில் முன்வருவதில்லை. ஆகவே நீங்கள் வேகத்தை உயர்த்தக் கேட்கும் பகுதிகளில் இருப்பவை பெரும்பாலும் பிரிக்கப்படாத இருவழிச் சாலைகளே. அவற்றில் 120 கி.மீ. என்பதை நான் ஏற்க மாட்டேன்.