வங்காளதேசத் தோழரின் உள்ளங்கை முண்டுகள்: தொற்றா, கிணற்று நீரா?

கேள்வி – பாயான் லெப்பாஸ் மேற்பார்வையாளர், பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தொழிற்சாலையில் என் பிரிவில் வேலை செய்யும் வங்காளதேசத் தோழர் ஒருவருக்கு இரண்டு உள்ளங்கைகளிலும் மிளகளவு கெட்டியான முண்டுகள் இருக்கின்றன. நெஞ்சிலும் முதுகிலும் தூறல் தெறித்தாற்போல் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் தெரிகின்றன. விடுதியில் உடன் தங்கியிருப்பவர்கள் இதை ஒட்டுவாரொட்டி என்று அஞ்சி, அவருக்குத் தட்டையும் குவளையையும் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். ஊரில் தம் தந்தைக்கும் இப்படி இருப்பதாகவும், கிணற்று நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு உண்டென்று அங்கே பேசிக்கொள்வதாகவும் அவர் சொல்கிறார். இது பரவுமா? மருந்து உண்டா? அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இன்றும் அந்த நீரையே குடிப்பதால், கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னால் போதுமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற தாதி, ஜார்ஜ் டவுன்

ஐயா, நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது. ஆயினும் நீங்கள் வருணித்தவை நெடுநாள் ஆர்செனிக் பாதிப்பில் காணப்படும் அடையாளங்களே. அது நிச்சயமாக ஒட்டுவாரொட்டி அன்று. தொட்டாலோ, ஒரே தட்டில் உண்டாலோ பரவாது. முதலில் அந்தத் தட்டையும் குவளையையும் மற்றவற்றோடு சேர்த்து வைக்கச் செய்யுங்கள். வங்காளத்தில் இந்தப் புள்ளிகளைக் காரணம் காட்டிப் பெண்களைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பியதும் உண்டு. நோயைவிட அந்த ஒதுக்கலே பலரை முடக்கியது.

உடலில் பல்லாண்டுகளாகச் செய்த சேதத்தை நீக்கும் மாற்று மருந்து எதுவும் இதுவரை உறுதியாகவில்லை. அந்த நீரை நிறுத்துவதே முதல் சிகிச்சை. சத்துள்ள உணவும் துணை செய்யும். அவர் புகைப்பவராக இருந்தால் உடனே விடச் சொல்லுங்கள், ஏனெனில் ஆர்செனிக்கும் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பன்மடங்காகிறது. முண்டுகளில் ஏதாவது ஒன்று புண்ணாகி ஆறாமல் இருந்தால், தோல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர்ச் சோதனை கடந்த சில நாள்களில் உடலுக்குள் போனதை மட்டுமே காட்டும் என்பதால், இங்கே நல்ல நீரைக் குடித்துவரும் அவருக்கு அளவு சரியாக வந்தாலும் பழைய பாதிப்பு இல்லை என்று பொருளாகாது. மேலும், பினாங்கில் இருந்துகொண்டு சோதனைக்கு முன்பு மீனும் இறாலும் சாப்பிட்டிருந்தால், தீங்கற்ற கடல் ஆர்செனிக் அந்த அளவை வீணாக உயர்த்திக் காட்டும். ஆகவே சில நாள்களுக்கு முன்பே கடலுணவை நிறுத்தச் சொல்லுங்கள்.

சிலி நாட்டின் அந்தோபகாஸ்தா நகரில் 1958 முதல் 1970 வரை குழாய் நீரில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் ஆர்செனிக் இருந்தது. நீரைச் சுத்திகரித்துப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களால் இறப்பவர்களின் விகிதம் அங்கே உயர்ந்தே இருந்தது. ஆகவே நீரை மாற்றிவிட்டோம் என்று உங்கள் தோழர் மருத்துவரை மறந்துவிடக் கூடாது.

பதில் – நீர் ஆய்வுக்கூட வேதியியலர், கோலாலம்பூர்

கொதிக்க வைக்கச் சொல்லாதீர்கள். கிருமிதான் கொதியில் சாகும், ஆர்செனிக் போகாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட மீதியில் அதன் செறிவு கூடவே செய்யும். நிறமோ, மணமோ, சுவையோ இல்லாததால் குடிப்பவருக்கு ஐயமே எழாது.

இமயத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில் இரும்புத் துகள்களோடு ஒட்டியிருக்கும் ஆர்செனிக், நிலத்தடியில் ஆக்சிஜன் அற்ற சூழலில் அந்த இரும்பு கரையும்போது தானும் நீரில் கலக்கிறது. குளத்து நீரால் வயிற்றுப்போக்கு வந்து குழந்தைகள் மாண்டுகொண்டிருந்த 1970களில், யுனிசெப் துணையோடு வங்காளதேச அரசு ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகளை இறக்கியது. மேற்கு வங்கத்தில் 1983 வாக்கிலேயே கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா நோயாளிகளை அடையாளம் கண்டார். வங்காளதேசத்தில் 1993இல்தான் சாப்பாய் நவாப்கஞ்சில் இது தெரியவந்தது. 2000ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவன இதழில் வந்த கட்டுரை, 35 முதல் 77 மில்லியன் மக்கள் ஆபத்தில் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது.

பிறகு சுமார் 5 மில்லியன் கிணறுகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியவற்றின் பம்புக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். 50 என்பது அந்நாட்டின் வரம்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் மலேசியாவின் வரம்பும் 10தான். பச்சைக் கிணறு என்றால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

பாயான் லெப்பாஸ் மேற்பார்வையாளர்

இருவருக்கும் மிக்க நன்றி. தட்டு விவகாரத்தை இன்றே பேசுகிறேன். அவர் வீட்டுப் பம்பில் முன்பு பச்சை இருந்ததாம்; சில ஆண்டுகளுக்கு முன் அதை விட்டுவிட்டு, அருகிலேயே புதிதாக ஒன்று இறக்கியிருக்கிறார்கள். பினாங்கின் நீர் பற்றியும் விடுதியில் கேட்கிறார்கள்.

பதில் – நீர் ஆய்வுக்கூட வேதியியலர், கோலாலம்பூர்

புதிய கிணற்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். சில பத்து மீட்டர் இடைவெளியில்கூட அளவு தலைகீழாக மாறும். கையடக்கச் சோதனைப் பெட்டியில் நீரோடு அமிலப் பொடியையும் துத்தநாகப் பொடியையும் போட்டு மூடினால், கிளம்பும் வாயு மூடியில் செருகிய வெள்ளைத் தாளை மஞ்சளாகவும் பிறகு பழுப்பாகவும் மாற்றும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். அந்த வாயு நச்சு என்பதால் திறந்தவெளியில் செய்யச் சொல்லுங்கள். அளவு மிகுந்தால், பக்கத்து வீட்டில் சோதித்துத் தேறிய கிணற்றுக்கு மாறுவதே செலவற்ற வழி. பொதுவாக 150 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள கிணறுகள் அங்கே பெரும்பாலும் பாதுகாப்பானவை. ஊரார் கூடி ஒன்றை இறக்கலாம். அரிசியிலும் ஆர்செனிக் சேரும். நல்ல நீரை நிறைய விட்டு வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடும் நம் வீட்டுப் பழக்கம் அதை ஓரளவு குறைக்கும். வடிக்கும் நீரே கெட்டதாக இருந்தால் பயனில்லை.

பினாங்கின் குழாய் நீர் பெரும்பாலும் மூடா ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. வங்காளத்தின் நிலத்தடி நீரோடு அதை ஒப்பிட வேண்டியதில்லை. வெள்ளீயச் சுரங்கம் இருந்த பகுதிகளில் தனிக் கிணறு வைத்திருப்பவர்கள் மட்டும் ஒருமுறை சோதிப்பது நல்லது. தென் தாய்லாந்தின் ரோன் பிபூனில் வெள்ளீயச் சுரங்கக் கழிவிலிருந்து கசிந்த ஆர்செனிக் ஆழமற்ற கிணறுகளைக் கெடுத்து, 1987இல் மக்கள் தோலில் நோயாக வெளிப்பட்டது.

பதில் – தொழிற்சங்கத் தொண்டர், பட்டர்வொர்த்

வங்காளதேசத்தில் கிணறு தோண்டியவர்களைக் கொலைகாரர்கள் என்று சிலர் பழிப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் அறிகுறி தெரிந்த பிறகும் சோதனையைத் தள்ளிப்போட்டதற்குப் பொறுப்பு உண்டு. 1992இல் அங்கே நீரைச் சோதித்த பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் ஆர்செனிக்கைச் சோதிக்கவில்லை என்று பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கை, 2006இல் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை தள்ளுபடி செய்தது. ஏழைக்கு வழக்கு மன்றமும் எட்டவில்லை.

மேற்பார்வையாளர் அண்ணன் அவர்களே, மருத்துவரிடம் போகும் நாளுக்கு அவருடைய சம்பளம் பிடிக்கப்படாதபடி மனிதவளப் பிரிவில் நீங்களே பேசுங்கள். அவரால் கேட்க முடியாது. சோதனைப் பெட்டி குறித்து அவர் ஊரின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை அலுவலகத்தில் மனைவியை விசாரிக்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள். எங்கள் சங்கத்தில் அதே பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.