முதல் ஞாயிறும் சுக்கு மல்லி காபியும்

அரசலாற்றங்கரை:

வெளிநாட்டிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்த வயதானவர்களோடு பழகியவர்கள் எழுதலாம் என்று இங்கே கேட்டிருந்ததால் இது. எங்கள் தெருவுக்கு வந்தது மார்மன் சபை என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையின் ஒரு ஜோடி. நாங்கள் அந்தச் சபையும் இல்லை, எந்தச் சபையும் இல்லை. கும்பகோணத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் பாசனத்தில் நாலு மா நிலம் வைத்திருக்கும் குடும்பம்.

பக்கத்து வீட்டுத் தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போன இடத்தில் அந்த மார்மன் சபையில் சேர்ந்துவிட்டான். (அந்தப் பெயரை இப்போது அவர்கள் விரும்புவதில்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுசாகச் சொல்ல வேண்டுமாம். எங்கள் தெருவில் அது யார் வாயிலும் நுழையாமல் 'பெங்களூர் சபை' என்று நின்றுவிட்டது.) வெள்ளைச் சட்டையும் டையுமாக, மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டையோடு ரெண்டு ரெண்டு பேராகத் திரியும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் போலவே வயதானவர்களும் ஜோடியாக வருவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, புருஷனும் பெண்சாதியுமாக, சொந்தக் காசைப் போட்டு ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் எங்கே அனுப்பினாலும் போகிறார்கள். வீடு வீடாகக் கதவு தட்டும் வேலை இவர்களுக்குக் கிடையாது. சபை அலுவலகத்தில் உட்காருவது, புதிதாகச் சேர்ந்தவர்களைப் போய்ப் பார்ப்பது, இப்படி.

அப்படி ஒரு ஜோடிதான் தம்பியைப் பார்க்க மைசூர் – மயிலாடுதுறை ரயிலில் ஒரு சனிக்கிழமை வந்து இறங்கியது. ஜூன் 12ஆம் தேதியே மேட்டூர் திறந்த வருஷம். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அம்மா பித்தளை டபரா செட்டில் ரெண்டு காபி கொடுத்தனுப்பினாள். ரெண்டும் அப்படியே திரும்பி வந்தன. டீ போடட்டுமா என்று கேட்டாள். அதுவும் ஆகாதாம். 1833ல் அறிவுரையாக வந்தது, பிற்பாடு அவர்களுக்குக் கட்டளையே ஆகிவிட்டது: மது, புகையிலை, காபி, டீ நாலும் விலக்கு. அம்மாவுக்கு முதல் ரெண்டும் பிரச்சினை இல்லை, மூன்றாவதுதானே பிரச்சினை. "கும்மோணத்துக்கு வந்துட்டு காபி குடிக்காம போறவங்களை இப்பத்தான் பாக்கறேன்" என்றவள், சரி, சாப்பாட்டிலாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அடுப்படிக்குப் போனாள்.

அது அதைவிட மோசம். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாச நாள். ரெண்டு வேளை சாப்பாடு கிடையாது, தண்ணீரும் கிடையாது. அந்த ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகிற காசை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். தம்பி இதை எங்களிடம் சொல்ல மறந்துவிட்டான். வடை, வாழைக்காய் வறுவல், பருப்புப் பாயசம் எல்லாம் இறக்கி இலையும் நறுக்கிய பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"தண்ணி கூடவா கிடையாது?"

"ஆமாம் அத்தை."

"அதை நேத்தே சொல்றதுக்கென்னடா?" அவ்வளவுதான். கோபமெல்லாம் தம்பி பக்கம் திரும்பிவிட்டது. அம்மா ஏகாதசிக்குப் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருக்கிறவள். எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, வறுவலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போன என் பையனை இழுத்துப் போட்டு ஒரு வை வைத்தாள். விரதக்காரர்கள் எதிரில் கொறிக்கிறானாம்.

ஆராதனை தம்பி வீட்டுக் கூடத்தில்தான். பக்கத்தில் அவர்களுக்குக் கோயில் இல்லை. பெங்களூரில் என்றால் ரெண்டு மணி நேரம், 2019க்கு முன்னால் மூன்று மணி நேரம் நடக்குமாம். இங்கே இருந்தது ஐந்து பேர், சீக்கிரமே முடிந்தது. நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். எவர்சில்வர் தட்டில் பிய்த்த ரொட்டி. திராட்சை ரசம் கிடையாது, அதற்குப் பதில் குட்டி குட்டி டம்ளரில் தண்ணீர். தம்பி முழங்காலில் நின்று தமிழில் ஜெபத்தை வாசித்தான். பாதியில் நாக்கு புரண்டது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். ஒரு சொல் பிசகினாலும் திரும்பச் சொல்ல வேண்டுமாம். என் பின்னால் எப்போது வந்து நின்றாளோ அம்மா, "மந்திரம்னா அப்படித்தான்" என்றாள்.

சாமியார், சம்பளம் வாங்கும் போதகர் யாரும் அவர்களுக்கு இல்லை. முதல் ஞாயிறு என்பதால் பிரசங்கமும் இல்லை. தோன்றியவர் எழுந்து பேசலாம். ஊழியத்துக்கு வந்த அந்த அம்மாள் எழுந்து ரெண்டு நிமிஷம் பேசினார். பேரப்பிள்ளைகள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது, அந்த இடத்தில் குரல் இறங்கியதால்.

மத்தியானம் திருபுவனம் கூட்டிப்போய்ப் பட்டு எடுத்துக்கொடுக்கத் தம்பியின் அம்மாவுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை கடையில் எதுவும் வாங்க மாட்டோம், நாளைக்குப் போகலாம் என்றார்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லையே. காலையிலிருந்து திண்ணையில் பேப்பரை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "மதம் மாத்த வந்தவங்ககிட்ட நமக்கென்ன பேச்சு" என்பது அவர் கட்சி. சாயங்காலம் அந்த அம்மாளின் கணவர், பெரியவர், வாய்க்கால் பக்கம் நடந்தபோது, நம் வரப்பில் வழுக்கி விழுந்து தொலைக்கப் போகிறார் என்றுதான் அப்பா பின்னால் போனார். மதகடியில் பெரியவர் குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தார். யார் திறப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசி வயலுக்கு எட்டுமா என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க, அப்பாவுக்குப் பேப்பர் மறந்துபோனது. லஸ்கர், முறை, கடைமடை என்று ஒரு பாட்டம் சொல்லி முடித்தார்.

அவரும் விவசாயிதான், யூட்டா பக்கம். 1847 ஜூலையில் முன்னோர்கள் வண்டி கட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது ஏர் முறிகிற அளவுக்கு மண் இறுகிக் கிடந்ததாம். ஓடையை மறித்து, தண்ணீரைப் பாய்ச்சி ஊறவைத்த பிறகுதான் உழ முடிந்ததாம். "நம்ம சேடை கட்டறதுதான்" என்றார் அப்பா என்னிடம், இதைப் போய்ப் பெரிய சரித்திரமாகச் சொல்கிறாரே என்ற மாதிரி. ஆனால் அங்கே தண்ணீர் முறை மணிக் கணக்கில். உனக்கு ராத்திரி ரெண்டு மணியிலிருந்து நாலு மணி என்றால் அந்த நேரத்துக்கு மண்வெட்டியோடு வயலில் நிற்க வேண்டும், விட்டால் போச்சு. "இங்க வெச்சா வெட்டுக்குத்துல முடியும்" என்றார் அப்பா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் உபவாசம் முடிந்தது. அம்மா சுக்கு மல்லி காபி போட்டு வைத்திருந்தாள். தம்பி "காபி" என்று சொல்லித் தொலைக்க, அவர்கள் மறுபடி கையைக் கட்டிக்கொண்டார்கள். சுக்கு, கொத்தமல்லி விதை, கருப்பட்டி, பேருக்குக்கூடக் காபித்தூள் இல்லை என்று டப்பாவையே கொண்டுவந்து காட்ட வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் சுக்கை மோந்து பார்த்துத் தும்மினார். ஆளுக்கு ரெண்டு டம்ளர் குடித்தார்கள்.

பாயசத்தின்போது அப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஞாயித்துக்கிழமை கடைக்கே போக மாட்டேங்கறாரே, தண்ணி முறை ஞாயித்துக்கிழமை வந்தா என்ன பண்ணுவாராம்? கேளு."

கேட்டேன். பெரியவர் யோசித்துக்கொண்டிருந்தார். நாள் பூராவும் அதிகம் பேசாத அந்த அம்மாள்தான் சட்டென்று சொன்னார்: "போவார்."

தெற்குவீதி:

அம்மா கட்சி நான். காபி வேண்டாம் என்பதுகூடப் பரவாயில்லை, கும்பகோணத்தில் நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். அப்புறம், கடைசியில் மதம் பற்றி உங்களிடம் ஏதாவது பேசினார்களா?

அரசலாற்றங்கரை:

கிளம்பும்போது அப்பாவிடம் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள், தமிழில். அப்பா வாங்கிக்கொண்டார், படிக்கவில்லை. பதிலுக்கு ஒரு பிடி குறுவை விதைநெல் கொடுத்தார். அதை விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா என்று யாருமே யோசிக்கவில்லை.

கொள்ளிடத்தான்:

எங்கள் ஊர் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் தேதி ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய கரை, அதனால் ஜெர்மனியிலிருந்து ஓய்வு பெற்ற போதகர்கள் மனைவியோடு வருவதும் சில மாதம் தங்குவதும் எங்களுக்குப் புதிதில்லை. அப்படி ஒருவர் ஞாயிறு ஆராதனையில், 1718ல் கட்டி முடித்த புதிய எருசலேம் கோயிலில், எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஞானப்பாட்டு ஆரம்பித்ததும் தலையைத் தூக்கினார். வார்த்தை தமிழ், மெட்டு அவர் ஊர் மெட்டு. உடனே தன் மொழியில் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார். ஆனால் நாங்கள் இழுத்து இழுத்துப் பாடுகிறவர்கள். ஒவ்வொரு அடியையும் அவர் முன்கூட்டியே முடித்துவிட்டு, நாங்கள் வந்து சேரும்வரை வாயை மூடிக் காத்திருந்தார். மூன்றாவது சரணத்தில் அவர் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பி, மெதுவாக, என்று கையால் சைகை காட்டினார்.