உங்கள் தெருவில் பேப்பர் எப்போது நின்றது? அனுபவம் இருப்பவர்கள் எழுதுங்கள்

பேப்பர்காரர் மகன், கோவில்பட்டி

எங்கள் அப்பா பேப்பர் ஏஜென்ட். 1980களின் நடுவில் ஆரம்பித்தார், இன்னும் விடவில்லை. நான் ஆறாவது படிக்கும்போதிலிருந்து லைனுக்கு, அதாவது வீடு வீடாகப் பேப்பர் போடப் போனவன். போன் வந்து பேப்பரை அழித்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் கடை வாசலில் அது போனுக்கு ரொம்ப முன்னாலேயே, ஒரு ரிசல்ட் நாளில் ஆரம்பித்தது.

இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்காது. பத்தாவது, பிளஸ் டூ ரிசல்ட் அப்போதெல்லாம் பேப்பரில்தான் வரும். பெயர் கிடையாது, மார்க் கிடையாது, வெறும் பதிவு எண்கள், பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில். எண் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். மத்தியானத்திலிருந்தே வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து வேன் வந்து பேப்பர் கட்டுகளை இறக்கும், அப்பா பிளேடால் சணலை அறுப்பதற்குள் இருபது கை நீளும். மை சரியாகக் காய்ந்திருக்காது, விரல் போன வழியெல்லாம் வரிசைமேல் கறுப்புத் தீற்றல் விழும். ஒரு வருடம் ஒரு பையன் தன் எண் இல்லை என்றதும் அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நம்பி இன்னொரு பேப்பர் வாங்கிப் பார்த்தான், அப்புறம் மூன்றாவதும் கேட்டான். அப்பா மூன்றாவதுக்குக் காசு வாங்கவில்லை. அவனை உள்ளே உட்காரவைத்து கலர் வாங்கிக் கொடுத்து, வியாபாரத்தை அம்மாவிடம் விட்டுவிட்டு, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அவன் வீட்டில் விட்டுவந்தார். அன்று அந்தப் பையனைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

2000ஐ ஒட்டிய வருடங்களில் மெயின் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வந்தது. அந்த வருடம் ரிசல்ட் அன்று கட்டு இறங்கும்போது எங்கள் வாசலில் நாலைந்து பேர்தான் நின்றார்கள். மார்க்கோடு சேர்த்து அங்கேயே தெரியும்போது வெறும் எண்ணைத் தேடி யார் வருவார்கள்? அப்பா குறையாக எதுவும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு இது நல்லதுதானே என்றார். ஆனால் அந்த ஸ்பெஷலுக்கு ரிட்டர்ன் எடுக்க மாட்டார்கள், மீந்த கட்டு அப்படியே எடைக்குப் போனது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. கிரிக்கெட் ஸ்கோர் போனது, தங்கம் விலை போனது, எந்தத் தியேட்டரில் என்ன படம் என்பது போனது, வேலைவாய்ப்பு போனது, வரன் விளம்பரம் முக்கால்வாசி போனது. செய்திக்காக மட்டும் பேப்பர் வாங்கியவர்கள் என் லைனில் குறைவுதான். ஒரு வீட்டில் தாத்தாவுக்கு ராசிபலன், அதே வீட்டில் மகனுக்குப் பள்ளிக்கூட இணைப்பு, மருமகளுக்கு வாரமலர், எல்லாம் சேர்த்துத்தான் ஒரு பேப்பர். ஒவ்வொருவருக்கும் வேண்டியது வேறு இடத்தில் கிடைத்தபோது அந்த வீட்டுக்கு மொத்தமாகவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. விளம்பரமும் அப்படித்தான் போனது. விற்கிற விலையில் ஏஜென்ட் கமிஷன் போக மிஞ்சுவது தாள் செலவுக்கே காணாது, விளம்பரம்தான் இத்தனை வருடம் பேப்பரைத் தாங்கியது.

பெரிய அடி 2020 மார்ச் கடைசி வாரம். பேப்பரால் தொற்று பரவும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று மருத்துவர்கள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பத்தே நாளில் எங்கள் கணக்கில் பாதி நின்றது. இருபது வருடமாகப் போட்ட வீட்டில், கேட்டைத் திறக்காமல், கையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, எல்லோருக்கும் பயம். ஆனால் ஊரடங்கு முடிந்து திரும்பி வந்தவர்கள் மிகக் கொஞ்சம். முன்பு எங்களிடம் பதினொரு பையன்கள் லைன் போட்டார்கள், அந்தக் காசில் பள்ளிக்கூடப் பீஸ் கட்டியவர்கள் உண்டு. இப்போது இரண்டு பேர்.

உங்கள் ஊரில் எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

முன்னாள் நிருபர், திருவண்ணாமலை மாவட்டம்

தம்பி, ரிசல்ட் பேப்பரைப் பற்றி எழுதியது என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. பழைய ரிசல்ட் பேப்பர் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

நான் பதினாறு வருடம் பகுதி நேர நிருபராக இருந்தவன். சம்பளம் கிடையாது, வெளிவந்த செய்திக்கு இத்தனை என்று கணக்கு. மாதக் கடைசியில் நம் செய்திகளையெல்லாம் வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்டி அனுப்பினால்தான் பணம். அதனால் நான் ஊரில் எந்தச் செய்தியையும் விடமாட்டேன், குழாய் உடைந்தாலும் போவேன், கோயில் கும்பாபிஷேகத்துக்கும் போவேன்.

2018 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தை கடத்தும் கும்பல் வடமாநிலத்திலிருந்து இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆடியோவும் வீடியோவும் சுற்றிக்கொண்டிருந்தன. என் சொந்தக்காரர்களே அனுப்பினார்கள். சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்த காவல் நிலையங்களுக்கெல்லாம் போன் போட்டேன், ஒரு புகார்கூட இல்லை. கடத்தல் எதுவும் நடக்கவில்லை, வதந்தியை நம்ப வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வந்தது. அன்று காலை டீக்கடையில் பேப்பர் மடிப்புக் கலையாமல் பெஞ்சில் கிடந்ததைப் பார்த்தேன். சுற்றி நின்ற அத்தனை பேர் கையிலும் போன், அதில் அதே ஆடியோ. அதே கடையில் பத்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் சத்தமாக வாசிப்பார், எட்டுப் பேர் கேட்பார்கள், நடுவில் ஒருவர் மறித்து இது எப்படி இருக்க முடியும் என்று கேட்பார்.

சில நாளில் போளூர் பக்கத்தில் அந்தக் கொடுமை நடந்தது. சென்னையிலிருந்து சாமி கும்பிட வந்த ஒரு குடும்பம், வழியில் காரை நிறுத்தியபோது குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த வயதான அம்மா இறந்துபோனார்.

பேப்பரிலும் தப்பு வரும். நானே ஒரு பஸ் விபத்தில் இறந்தவர் பெயரையும் காயம்பட்டவர் பெயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காயம்பட்டவர் வீட்டு வாசலில் போய் நின்றேன், அவர் மனைவி என்னைக் கேட்காத கேள்வி இல்லை, முழுவதும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அடுத்த நாள் திருத்தம் வந்தது. எழுதியவன் யார், அவன் வீடு எங்கே என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அந்த ஆடியோவில் பேசியவன் யார் என்று எனக்குத் தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கரூர்க்காரன்

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் சித்தப்பா காகிதபுரத்தில் தமிழ்நாடு அரசின் டி.என்.பி.எல். காகித ஆலையில் வேலை பார்த்தவர். 1984இல் உற்பத்தி தொடங்கியபோது கரும்புச் சக்கையிலிருந்து பத்திரிகைத் தாள் எடுக்கிறோம் என்பதே அங்கே பெரிய பெருமை. அப்புறம் ஆலை படிப்படியாக எழுது தாள், அச்சுத் தாள் பக்கம் நகர்ந்துவிட்டது. பத்திரிகைத் தாளுக்கு நாடு பெரும்பாலும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. 2019 பட்ஜெட்டில் அதற்கு 10 சதவீத சுங்க வரி போட்டார்கள், அடுத்த வருடம் 5 ஆகக் குறைத்தார்கள். 2022இல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யத் தாள் வரத்து தடைபட்டு விலை ஏறியது. பக்கங்கள் மெலிந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போனை மட்டும் காரணம் சொன்னால் கதை பாதிதான்.

கோவை வாசகி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் பேப்பர் என் கைக்கு வந்ததே மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான். காலையில் மாமனார், அப்புறம் வீட்டுக்காரர், அப்புறம் பக்கத்து வீட்டு மாமா இரவல் வாங்கிக்கொண்டு போவார். எனக்கு வரும்போது நடுப்பக்கம் இருக்காது, சில நாள் அதில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்கள். மளிகைப் பொட்டலம் பிரித்த தாளைக்கூட நின்று படிப்பேன், பாதிச் செய்தி இருக்கும், மீதி வேறு யார் வீட்டுப் பருப்பைச் சுற்றிப் போயிருக்குமோ. ஒரு கொலை வழக்கின் தீர்ப்பு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல்முதலாக ஒரு செய்தியை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் நான் தெரிந்துகொண்டது போனில்தான். 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்த இரவு நான்தான் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், மாமனாரை எழுப்பிச் சொன்னது நான். அவர் எழுந்து உட்கார்ந்து, மேலே என்ன போட்டிருக்கிறது, படி என்றார். அந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடத்தில் அவர் என்னை எதையும் படிக்கச் சொன்னது அன்றுதான். ஆகவே போன் வந்ததில் எனக்கு நட்டமில்லை. ஆனால் மேலே அண்ணன் எழுதிய போளூர் விஷயத்தைப் படித்ததிலிருந்து, எனக்கு வருவதை யோசிக்காமல் எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று மனது உறுத்துகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் அப்பம்மா பேப்பரைப் பின்பக்கத்தில் இருந்துதான் தொடங்குவா. மரண அறிவித்தல். "கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கினால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆறுதலாக வாசிப்பா. அன்னார் யாருடைய மகன், யாருடைய மருமகன், மைத்துனர்மார் யார் என்று வரிசையாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு, இது இன்னாருடைய பெறாமகன், இவையள் இந்திய ஆமி நேரம் எங்கள் வீட்டில் ஒரு கிழமை இருந்தவை என்று ஒரு முழுக் கதை வரும். நான் என் சொந்தத்தைப் படித்தது அந்தப் பக்கத்தில்தான்.

எங்கள் பக்கத்தில் பேப்பர் சும்மா வந்து விழுந்த சாமான் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் தாள் வராது, கிடைத்த தாளில், பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்கூட, பேப்பர் வந்தது. அப்படி ஒரு இதழ் அப்பம்மாவின் றங்குப் பெட்டியில் இருக்கிறது, கொப்பியின் நீலக் கோடுகளுக்கு மேலே செய்தி. பிறகு 2022இல் டொலர் இல்லாமல் தாள் தட்டுப்பாடு வந்தபோது கொழும்பில் தி ஐலண்ட், திவயின பத்திரிகைகள் இரண்டும் சனிக்கிழமை அச்சை நிறுத்தின. எங்கள் ஒழுங்கையில் பேப்பர் எடுத்த வீடுகள் பல அந்த வருடம்தான் நிறுத்தியவை. பாணுக்கு வரிசையில் நிற்கிற காலத்தில் பேப்பருக்கு எங்கே காசு.

அப்பம்மா போன வருடம் மோசம் போய்விட்டா. அறிவித்தலை இணையத்திலும் போட்டோம், பேப்பரிலும் போட்டோம். இணையத்தில் பார்த்துவிட்டு ஸ்காபரோவில் இருந்தும் பாரிஸில் இருந்தும் இரவு முழுக்க அழைப்பு, அது பெரிய ஆறுதல், பேப்பர் அங்கே போய்ச் சேராது. செத்த வீட்டுக்கு நேரே வந்தவர்களில் மூன்று வயோதிபர்களை எங்களுக்கு ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் மானிப்பாயில் இருந்து சைக்கிளில் வந்தவர், சட்டைப்பையில் அந்த அறிவித்தலைக் கத்தரித்து வைத்திருந்தார். அப்பம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவராம். வெட்டிய துண்டை அப்பம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பேப்பர்காரர் மகன், கோவில்பட்டி

எல்லோருக்கும் நன்றி. கோவை அக்கா, நீங்கள் சொன்னதை எங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஏஜென்ட் வீட்டிலேயே அம்மா பேப்பர் படித்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் இணைப்பு செருகியது முழுக்க அம்மாதான். கேட்டால், செருகும்போதே தலைப்பைப் பார்த்துவிடுவேன்டா என்கிறார்.

நிருபர் அண்ணா, நீங்கள் கேட்டதற்காகப் பரணில் தேடினேன். 1998 வருடத்து ரிசல்ட் பேப்பர் ஒன்று கிடைத்தது, ஓரமெல்லாம் பழுப்பேறி, மடிப்பில் விரல் பட்டாலே உதிர்கிறது. நாலாம் பக்கத்தில் ஓர் எண்ணைச் சுற்றி ஊதா மையில் வட்டம். எங்கள் வீட்டில் அந்த வருடம் யாரும் பரீட்சை எழுதவில்லை. அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஒரு அம்மா ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் வந்தார்களாம். கையில் ஹால் டிக்கெட். எனக்குப் படிக்கத் தெரியாது, பிள்ளை பயந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்களாம். அப்பா தேடிக் கண்டுபிடித்து வட்டம் போட்டுக் காட்டியதும், பேப்பரை எடுத்துக்கொண்டு போகக்கூடத் தோன்றாமல் அந்த அம்மா அப்படியே ஓடிவிட்டார்களாம்.

அந்தப் பெண் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. பேப்பரைத் திரும்பப் பரணில் போடாதே, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வை என்றார்.

நாளைக்கு லைன் பையன் ஒருவன் லீவு, நாலு மணிக்கு நான் போக வேண்டும். மற்றவர்கள் எழுதுங்கள், வந்து படிக்கிறேன்.